மேட்ச்: திரியும் ஜோடியும்

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல் 'மேட்ச்'. பள்ளிக்கூடத்தில் அல்ல, கோவில்பட்டியில் எங்கள் தெருமுனைச் சுவரில். நீலம் கலந்து வெள்ளையடித்த அந்தச் சுவரில் முதலாளி வீட்டுச் சாமியின் பெயரும், அதையடுத்து 'மேட்ச் ஒர்க்ஸ்' என்றும் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். ஊரில் யாரும் வாயால் அப்படிச் சொன்னதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. விடிவதற்குள் தூக்குவாளியோடு அம்மாவும் சித்தியும் போவது தீப்பெட்டி ஆபீசுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வருவதும் அங்கிருந்துதான். ஆகவே மேட்ச் என்ற சொல் எனக்குத் தீக்குச்சியாகவும், கந்தக வாடையாகவும், வீட்டுக்கு வரும் அரிசியாகவும் பதிந்தது.

இன்று அந்தச் சுவரில் செல்போன் கம்பெனி விளம்பரம் இருக்கிறது. அதே தெருவில் பக்கத்து வீட்டுப் பையன் என்னைப் பார்த்தால், "மாமா, இன்னைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறான். அவனுக்கு மேட்ச் என்றால் ஐபிஎல். அவன் அக்காவுக்கு மேட்ச் என்றால் புடவைக்குத் தோதான ஜாக்கெட் துணி. இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லில் நெருப்பு இல்லை. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் பிறப்பதற்குள் சொல்லே வீடு மாறிவிட்டது.

வெகுகாலம் இது ஒரே சொல்லின் பல பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். அகராதியைப் புரட்டத் தொடங்கிய பிறகே தெரிந்தது, இவை ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள். ஆறு என்ற எண்ணுக்கும் ஆறு என்ற நீரோட்டத்துக்கும் என்ன உறவோ அந்த உறவுதான். பொருத்தத்தையும் பந்தயத்தையும் குறிக்கும் மேட்ச் பழைய ஆங்கிலத்திலேயே பிறந்தது. அங்கே அதற்குத் துணை, கணவன் அல்லது மனைவி, சமமானவர் என்று பொருள். சமமான இருவர் மோதுவதால் பின்னால் அது பந்தயத்துக்கும் பெயராயிற்று. நெருப்பின் மேட்ச் கடல் தாண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விளக்குத்திரியை மேஷ் என்பார்கள். அதன் பழைய வடிவம் இங்கிலாந்துக்குப் போய் மேட்ச் ஆனது. அதற்கும் முன்னால், லத்தீனில் விளக்கின் மூக்கைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து.

இதைப் படித்த அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் பாட்டியின் பேச்சு. பாட்டி தீப்பெட்டி என்று சொல்லமாட்டாள், வத்திப்பெட்டி என்பாள். தீக்குச்சியை வத்திக்குச்சி என்பாள். வத்தி என்றால் என்ன? வடமொழியில் வர்த்தி என்றால் திரி. மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாம் அந்தத் திரியின் பிள்ளைகள். ஆங்கிலேயன் திரியின் பெயரை எடுத்துக் குச்சிக்கு வைத்தான். நம்மவர்களும் திரியின் பெயரை எடுத்துத்தான் குச்சிக்கு வைத்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. நெருப்பை ஏந்தி நிற்கும் சிறு பொருளைக் கண்டதும் இரண்டு மொழிகளுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. சண்டை மூட்டிவிடுகிறவனை 'வத்தி வைத்துவிட்டான்' என்கிறோமே, அந்த வத்தியும் இதுதான். இலங்கைத் தமிழர்கள் திரியை இடையில் வைக்காமல் நேரே நெருப்புப்பெட்டி, நெருப்புக்குச்சி என்றார்கள். அதுவும் அழகுதான். ஆனால் திரியின் ஞாபகம் வத்தியில்தான் இருக்கிறது.

குச்சி வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் மேட்ச் என்பது ஒரு கயிறு. வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிறு சுவாலையின்றிக் கங்காக மெல்ல மெல்லப் புகைந்துகொண்டே போகும். அதைத் துப்பாக்கியில் பொருத்தி விசையை இழுத்தால் கங்கு மருந்தில் போய் விழும். மேட்ச்லாக் என்று அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் வந்தது இப்படித்தான். திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களோடு நடந்த சண்டைகளைப் பற்றிக் கும்பினிக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் அந்தப் பெயர் அடிபடுகிறது. நாங்கள் தீக்குச்சி அடுக்குவதற்கு நூறாண்டுக்கும் முன்னாலேயே அந்தச் சொல் எங்கள் கரிசல்காட்டில் புகைந்துவிட்டது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியை வெளியிட்டபோது நெருப்பின் மேட்ச் என்பது உருக்கிய கந்தகத்தில் தோய்த்த அட்டை, கயிறு அல்லது மரச் சிராய். அதை எங்கே உரசினாலும் தீ வராது. சக்கிமுக்கிக் கல்லை எஃகில் தட்டிப் பொறி எழுப்பி, அந்தப் பொறியைக் கருக்கிய துணியில் விழவைத்து, ஊதி ஊதிக் கங்காக்கி, அதன்மேல் கந்தகச் சிராயைக் காட்டினால்தான் சுவாலை எழும். ஈரமான காலைப்பொழுதில் இது சில நிமிட வேலை. அதாவது அன்றைய மேட்ச் நெருப்பை வாங்கிக்கொள்ளும் பொருள், அவ்வளவுதான். நெருப்பைத் தரும் பொருளாக அது மாறியது 1827இல்.

இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் ஜான் வாக்கர் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். ஆன்டிமனி சல்பைடையும் பொட்டாசியம் குளோரேட்டையும் பிசினோடு குழைத்துக் குச்சி நுனியில் வைத்தார். மடித்த உப்புத்தாளுக்குள் அதைச் செருகி வெடுக்கென்று இழுத்தால் பற்றிக்கொண்டது. அவருடைய கணக்குப் புத்தகத்தில் 1827 ஏப்ரல் 7 அன்று அதன் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. காப்புரிமை அவர் வாங்கவில்லை. லண்டனில் இன்னொருவர் அதே பொருளைச் செய்து லூசிஃபர் என்று பெயரிட்டு விற்றார். லூசிஃபர் என்றால் லத்தீனில் ஒளி கொண்டுவருபவன், கிறிஸ்தவர்களுக்குச் சாத்தானின் பெயரும்கூட. கடைசியில் எந்தப் புதுப்பெயரும் நிலைக்கவில்லை. பழைய திரியின் பெயரே குச்சியில் ஒட்டிக்கொண்டது.

சாத்தானின் பெயர் எவ்வளவு பொருந்தும் என்பது 1830களில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்ந்த பிறகு தெரிந்தது. அது எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளிகளுக்குப் பல்வலியில் ஆரம்பித்துத் தாடை எலும்பே அழுகியது. பலர் செத்தார்கள், பலருக்குத் தாடையை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. கிழக்கு லண்டனில் இருந்த பிரையன்ட் அண்ட் மே ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். வேலை செய்யும் மேசையிலேயே சாப்பாடு. பேசினால் அபராதம், கால் அழுக்காயிருந்தால் அபராதம். 1888 ஜூனில் அன்னி பெசன்ட் இதையெல்லாம் எழுதினார். ஜூலையில் சுமார் 1,400 பேர் ஆலையைவிட்டு வெளியே வந்தார்கள். சில வாரங்களுக்குள் அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி இடம் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வெள்ளைப் பாஸ்பரஸை பிரிட்டன் சட்டம் போட்டு விலக்கியது அதற்கும் 20 ஆண்டுகள் கழித்து, 1908இல்தான்.

அன்னி பெசன்ட் என்றால் நமக்கு அடையாறும், ஹோம் ரூலும், பெசன்ட் நகர்க் கடற்கரையும். தீக்குச்சிப் பெண்களுக்காக எழுந்த குரல் அது என்பதை எங்கள் ஊரில் பெரியவர்கள்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. 1893 நவம்பரில் அவர் இந்திய மண்ணில் கால் வைத்த இடம் தூத்துக்குடி. அங்கிருந்து மதுரைக்குப் போகும் ரயில் கோவில்பட்டியைத் தொட்டுத்தான் போகிறது. அன்று அங்கே கம்பும் பருத்தியும் விளையும் காடு இருந்தது. தீப்பெட்டி கப்பலில் வந்து இறங்கும் சாமான். பின்னாளில் இதே கரிசல்காட்டில் பல்லாயிரம் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து குச்சி அடுக்கப்போகிறார்கள் என்று யார் கண்டார்கள்?

சுவீடன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆபத்தைக் குறைத்துவிட்டார்கள். வெள்ளைப் பாஸ்பரஸை விட்டுச் சிவப்புப் பாஸ்பரஸை எடுத்து, குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார்கள். குச்சியும் பெட்டியும் சந்தித்தால்தான் நெருப்பு, தனித்தனியே இரண்டும் சாது. சுவீடன் நிறுவனம் ஒன்றுதான் 1923இல் இங்கே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கியது. சுருக்கினால் விம்கோ. திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்த பகுதி விம்கோ நகர் ஆயிற்று. 2021 முதல் அங்கே மெட்ரோ ரயில் போகிறது. 'அடுத்த நிலையம் விம்கோ நகர்' என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் எழுத்து காதில் விழும். அது மேட்ச். ரயிலில் வருகிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்று சுற்றுமுற்றும் பார்ப்பேன்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் தொழில் பழகக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து அவர்கள் போட்ட விதைதான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை பொய்க்கிற ஊருக்கு வெயில்தான் முதல். மருந்தும் பெட்டியும் காய அந்த வெயில் உதவியது. காடு விளையாத வருஷத்தில் கைகளுக்கும் பஞ்சமில்லை. குச்சிக்கான மரம் கேரளத்திலிருந்து வந்தது. விம்கோவிடம் இயந்திரம் இருந்தது, எங்கள் பக்கம் இருந்தது விரல்கள்.

அந்த விரல்களைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். கட்டை அடுக்குவது என்று அந்த வேலைக்குப் பெயர். சட்டத்தில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. எல்லாக் குச்சியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்தால் மருந்து முக்கும்போது ஏறுமாறாகும், ஒன்று தாழ்ந்தால் மருந்தே படாது. சித்தி கை போகும் வேகத்தில் குச்சி தெரியாது, சட்டம் நிரம்புவதுதான் தெரியும். அடுக்கின கட்டைக்குக் கூலி. பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் வீட்டுக்கே வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பசைக்கிண்ணத்தின் முன்னால் உட்காராத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. நானும் ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடமே போகாமல், இருட்டோடு இருட்டாக ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப்போன பிள்ளைகளும் இருந்தார்கள். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்குவார்கள். என்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்த பெண் நான்காம் வகுப்பில் இல்லை. காரணம் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். இதே ஊர்க்காரரான எழுத்தாளர் பூமணி 1996இல் 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தில் இந்த வாழ்க்கையைக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. லண்டனுக்கு 1888 என்றால் எங்களுக்கு 1996. நூறு வருஷத்துக்குமேல் பிந்தித்தான் எங்கள் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அந்த பஸ் நின்றுபோனதில் எனக்கு இன்றும் நிறைந்த சந்தோஷம். பழைய காலம் போயிற்றே என்று நான் வருந்தினால் அந்த பஸ்ஸுக்காக வருந்துவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

இப்போது குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் பெட்டி அடைப்பதும் பெரும்பாலும் இயந்திரம். ஆனால் அந்தக் குச்சிக்கு வேலை குறைந்துவிட்டது. அடுப்புக்கு லைட்டர் வந்தது, பீடிக்கும் சிகரெட்டுக்கும் பிளாஸ்டிக் லைட்டர் வந்தது, ராத்திரிக்கு மின்சாரம் வந்தது. ஒரு தீப்பெட்டி 14 ஆண்டுகள் 1 ரூபாயிலேயே நின்றது. 2021 டிசம்பர் முதல் தேதிதான் 2 ரூபாய் ஆனது. இவ்வளவு காலம் விலை ஏறாத இன்னொரு சாமானை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை போட்டபோது எங்கள் ஊரில் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். 600 பெட்டி கொண்ட பண்டல்கள் இன்னமும் லாரியில் ஏறத்தான் செய்கின்றன. ஆனால் பேச்சில் மேட்ச் என்ற சொல் வந்தால் அது தீப்பெட்டியை நினைத்து வருவதில்லை.

இடத்தைப் பிடித்துக்கொண்டது மற்ற வம்சம், ஜோடியின் வம்சம். முதலில் அது விளையாட்டாக வந்தது. பிறகு துணிக்கடையில் நுழைந்தது. மேட்சிங் சென்டர் இல்லாத கடைத்தெரு இன்று தமிழ்நாட்டில் உண்டா? மாப்பிள்ளை பார்ப்பவர்கள், "ஜாதகம் மேட்ச் ஆகுது" என்கிறார்கள். நமக்கோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது. ஜாதகத்துக்குப் பொருத்தம், துணிக்குத் தோது, ஆளுக்கு ஈடு, ஆட்டத்துக்குப் பந்தயம், மாட்டுக்கு ஜோடி. ஒன்றின் வாசனை மற்றதில் வராது. பொருத்தம் என்ற சொல்லில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்த திண்ணை இருக்கிறது, ஈடு என்பதில் நிமிர்ந்து நிற்கும் நெஞ்சு இருக்கிறது. மேட்ச் வந்து ஐந்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. வசதிதான். ஆனாலும் அந்த ஐந்தும் என் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டு வம்சமும் ஒருமுறை சந்தித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1995இல் ஜோடி தேடுகிறவர்களுக்காக மேட்ச் என்ற பெயரிலேயே இணையச் சேவை ஒன்று வந்தது. 2012இல் அதே வேலைக்கு வேறொரு கூட்டம் ஒரு செயலியை உருவாக்கி, முதலில் மேட்ச்பாக்ஸ் என்று பெயர் வைத்தது. மேட்ச்பாக்ஸ் என்றால் தீப்பெட்டி. ஏற்கெனவே மேட்ச் என்ற பெயரில் ஒருவர் இருக்கிறாரே என்று அதை மாற்றி டிண்டர் ஆக்கினார்கள். சக்கிமுக்கிப் பொறியை ஏந்துமே அந்தக் கருக்கிய துணி, அதற்கு ஆங்கிலத்தில் பெயர் டிண்டர். அதன் சின்னம் ஒரு சுவாலை. அங்கே இரண்டு பேருக்கும் பிடித்துப்போனால் திரையில் மேட்ச் என்று வருகிறது. ஜோடியின் சொல் நெருப்பின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் ஒரே ஒலியைச் சுமந்தும் உறவில்லாமல் திரிந்தவை, இளம்பிள்ளைகளின் கைப்பேசியில் சம்பந்தி ஆகிவிட்டன.

போன மாதம் சித்தியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வரிசையில் நின்று, முறை வந்ததும் கருவியில் பெருவிரலை வைத்தாள். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, ரேகை மேட்ச் ஆகலை. துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்றாள். சித்தி முந்தானையில் அழுத்தித் துடைத்து வைத்தாள். ஆகவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை, எதுவும் ஆகவில்லை. நான் அந்த விரல்களை வாங்கிப் பார்த்தேன். நுனி முழுக்க வழுவழுவென்று இருந்தது, கூழாங்கல் மாதிரி. கட்டை அடுக்கியதும் பசை தேய்த்ததும் பாத்திரம் விளக்கியதும் காட்டு வேலையும் சேர்ந்து ரேகையை அழித்துவிட்டிருந்தன.

"என்ன சித்தி, ரேகையே காணோம்?"

"குச்சியோட போயிருக்கும்ய்யா" என்றாள்.

கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கருவிழி ஒத்துப்போயிற்று. அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பெட்டிக்கடை வாசலில் சித்தி நின்றாள். சுருக்குப்பையிலிருந்து 2 ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்கினாள். அதைக் காதோரம் கொண்டுபோய் மெதுவாக ஒருமுறை குலுக்கினாள்.

"அம்பது இல்லய்யா இதுல. ரெண்டு மூணு குறையும்" என்றாள்.